பின்னாடி வர்றவருக்குப் பயந்து ஓடின குளிர்காலம்

நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை இங்க டொரன்டோல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வைப்பாங்க, அன்னிக்கு சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் தெருவிளக்கு எரிய ஆரம்பிச்சிடும், டிசம்பர் நடுவுல வந்தா 4:40க்கே சூரியன் கடையைக் கட்டிடும், காலைல 8 மணிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மறுபடி தலையைக் காட்டும். வேலைக்குப் போறவனுக்கு வெளிச்சத்துல ஓட்டம்னா சனி ஞாயிறு மட்டும்தான். அக்டோபர் வரைக்கும் ஜோரா ஓடிட்டிருந்த ஆளுங்க எல்லாம் அந்த ஒரு ஞாயித்துக்கிழமைல தொலைஞ்சு போயிடுவாங்க, மறுபடி ஏப்ரல்லதான் தொப்பையோட வெளிய வருவாங்க. நானும் அப்படி 3 வருஷம் தொலைஞ்சவன்தான்.

இது 4வது, 5வது குளிர்காலத்துல நாங்க 4 பேர் எங்களுக்குள்ள நடத்துன ஒரு சின்னப் போட்டியோட கதை. முதல் தடவை படுதோல்வி. அடுத்த வருஷம் ஓடுச்சு. ரெண்டு தடவையும் அதே ஆளுங்க, அதே தெரு, குளிர்னு பாத்தா ரெண்டாவது வருஷம்தான் ஜாஸ்தி. மாறினது பாயிண்ட் கணக்குப் போடுற முறை மட்டும்தான், அதனாலதான் இதை உக்காந்து விலாவாரியா எழுதுறேன், இல்லன்னா நாலு பேர் ஓடின கதை யாருக்கு வேணும்.

ஆளுங்களைச் சொல்லிடறேன், பேரெல்லாம் வேணாம். மச்சான்: திருச்சிக்காரன், என்கூட வேலை பாக்குறவன், ஹாஃப் மாரத்தானை (21 கிமீ) 1 மணி 35 நிமிஷத்துல முடிக்கிறவன், கால்ல ஸ்பிரிங் வச்சுப் பொறந்தவன். அக்கா: நாகர்கோவில், ஆஸ்பத்திரில நர்ஸ், 12 மணி நேர ஷிஃப்ட், அதுல பாதி நைட் டியூட்டி. அண்ணை: யாழ்ப்பாணம், வயசு 50ஐத் தாண்டியாச்சு, டொரன்டோவோட ஒரு பகுதியான ஸ்கார்பரோ வந்து 30 வருஷம், சுகர் பார்டர்ல நிக்குதுன்னு டாக்டர் சொன்னப்புறம் நடக்க ஆரம்பிச்சு அந்த நடையைக் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டமா மாத்திக்கிட்டிருந்தவர். அப்புறம் நான், ரெண்டுங்கெட்டான், 10 கிமீக்கு ஒரு மணி நேரம் எடுக்குற ஜாதி.

இலக்கு ஒண்ணுதான், மார்ச் கடைசில டொரன்டோவுக்குக் கொஞ்சம் தள்ளி ஹாமில்டன்ங்கிற ஊர்ல நடக்குற அரவுண்ட் த பே ரேஸ், 30 கிமீ. இந்த ரேஸைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். 1894ல கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆரம்பிச்சது, பாஸ்டன் மாரத்தானை விட 3 வயசு மூத்தது, அந்த ஊர்க்காரங்க இன்னும் பெருமையா டீசர்ட்ல போட்டுக்குவாங்க. 1900 பாஸ்டன் மாரத்தான்ல முதல் 3 இடமும் ஹாமில்டன் பசங்களுக்குத்தான், கேஃப்ரி, ஷெர்ரிங், ஹியூசன். அதே ஷெர்ரிங் 1906ல ஏதென்ஸ் போய் மாரத்தான் ஜெயிச்சான். அதே 1906ல அரவுண்ட் த பே ஜெயிச்ச டாம் லாங்போட், ஒனண்டாகா பழங்குடி இளைஞர், அடுத்த வருஷம் பாஸ்டனை ரெக்கார்ட் டைம்ல ஜெயிச்சார். ஒரே ஊர்ப் பசங்க ஒருத்தனை ஒருத்தன் துரத்தித் துரத்தியே அவ்ளோ தூரம் போயிருப்பாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம், அது என் எண்ணம் மட்டும்தான்.

நம்ம விஷயத்துக்கு இந்த ரேஸ் ஏன் முக்கியம்னா, இது மார்ச் கடைசில வருது. மே மாச ரேஸ்னா மார்ச்ல பாத்துக்கலாம்னு கம்பளிக்குள்ள சுருண்டுக்கலாம். மார்ச்ல 30 கிமீ, அதுவும் 20 கிமீக்கு மேல பக்கத்து ஊர் பர்லிங்டன் பக்கம் ஏத்தம் இறக்கமா வரும்னா, ஜனவரி பிப்ரவரில ஓடியே ஆகணும், தப்பிக்க வழியே இல்ல.

முதல் வருஷம் நாங்க போட்ட ரூல் ரொம்ப சிம்பிள். டிசம்பர் 1லேர்ந்து ரேஸ் நாள் வரைக்கும் யார் அதிக கிமீ ஓடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, கடைசில வர்றவங்க ஜெயிச்சவங்க வீட்டு டிரைவ்வேல, அதாவது வாசல்ல கார் நிறுத்துற இடத்துல, ஒரு மாசம் பனி அள்ளணும். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பனி அள்ளுறது இங்க சும்மா வேலை இல்ல, நம்ம டிரைவ்வேயைச் சுத்தம் பண்ணிட்டு உள்ள வந்து டீ போடும்போது பனி வண்டி வந்து தெருவுல இருக்குற அத்தனையையும் தள்ளி நம்ம வாசல்லயே கட்டியா குவிச்சிட்டுப் போகும், அந்தக் கட்டியை உடைக்கிறதுக்குள்ள இடுப்பு போயிடும், அதனால யாரும் தோக்க விரும்ப மாட்டாங்கன்னு நினைச்சோம்.

ரெண்டே வாரம். மச்சான் 140 கிமீ, நான் 55, அக்கா 40, அண்ணை 31. மூணாவது வாரம் கணக்கு எழுதுற கூகுள் ஷீட்டைத் திறந்து பாக்கவே எனக்கு மனசு வரல. துரத்திப் பிடிக்கவே முடியாதுன்னு தெரிஞ்சதுக்கப்புறம் மைனஸ் 12ல எதுக்கு வெளிய போகணும்? அக்கா நேராவே சொல்லிட்டாங்க, "தம்பி, இதுல நான் ரெண்டாவதா வந்தாலும் மூணாவதா வந்தாலும் ஒண்ணுதான், எனக்குத் தூக்கம் முக்கியம்." அண்ணை ஒண்ணும் சொல்லல, அப்படியே வர்றதை நிறுத்திட்டார். இதுல வேடிக்கை என்னன்னா மச்சானும் நின்னுட்டான். ஜனவரி முதல் வாரத்துல கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, அது ஒரு சாக்கு, ஆனா அதுக்கு முன்னாடியே அவனுக்கு சுவாரஸ்யம் போயிடுச்சு. "பின்னாடி திரும்பிப் பாத்தா ஒரு ஈ காக்கா இல்லடா, அப்புறம் என்ன ரேஸ்" அப்படின்னான். பந்தயத்துல இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு, அண்ணை இருக்கிறது அபார்ட்மென்ட்ல 14வது மாடி, அவர் ஜெயிச்சா அள்ள டிரைவ்வேயே இல்ல. அதைக்கூட யோசிக்காம ரூல் போட்டிருக்கோம் பாருங்க. அந்த வருஷம் ஹாமில்டனுக்கு ஒருத்தரும் போகல.

அடுத்த செப்டம்பர்ல இதை மறுபடி பேச ஆரம்பிச்சப்ப நான் கொஞ்சம் படிச்சேன், ஆபீஸ்ல வேலை இல்லாத ஒரு வாரம் கிடைச்சுது. படிச்சதுல 3 விஷயம் எங்க ஷீட்டையே தலைகீழா மாத்திடுச்சு.

ஒண்ணு 2019ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு. ஒரு பெரிய கம்பெனியோட ஊழியர்கள் 602 பேர், எல்லாரும் எடை கூடினவங்க, கையில ஸ்டெப் எண்ணுற பட்டையைக் கட்டிவிட்டு 24 வாரம் ஒரு விளையாட்டு மாதிரி நடத்துனாங்க. ஒரு குரூப்புக்கு வீட்லேர்ந்தோ நண்பர்கள்லேர்ந்தோ ஒருத்தர் ஊக்கம் குடுப்பார், இன்னொண்ணுல 3 பேர் டீமா சேர்ந்து ஆடணும், மூணாவதுல 3 பேர் ஒருத்தருக்கொருத்தர் போட்டி. 24 வாரத்துல மூணு குரூப்புமே முன்னேறுச்சு, ஆனா விளையாட்டை நிறுத்தின அப்புறம் 12 வாரம் பாத்தா போட்டி குரூப் மட்டும்தான் அந்த முன்னேத்தத்தைத் தக்க வச்சிருந்தது. அதைவிட எனக்குப் பிடிச்சது அவங்க பாயிண்ட் குடுத்த விதம். திங்கக்கிழமை காலைல எல்லாருக்கும் 70 பாயிண்ட்டைக் கையில குடுத்துடுவாங்க, அன்னன்னிக்கு இலக்கை எட்டலன்னா 10 பாயிண்ட் பிடுங்கிக்குவாங்க. சம்பாதிக்கிறது வேற, கையில இருக்கிறதைப் பறிகொடுக்கிறது வேற. நம்மாளுங்களுக்கு இதை விளக்கவே வேணாம், சீட்டு கட்டினவனுக்குத் தெரியும்.

ரெண்டாவது, ஜெர்மனில கோலர்னு ஒரு உளவியல்காரர், 1920கள்ல பெர்லின்ல படகு வலிக்கிற கிளப் ஆளுங்களை வச்சு ஒரு சோதனை பண்ணார். கையில எடையைத் திரும்பத் திரும்பத் தூக்குற வேலை, தனியா எவ்ளோ நேரம் தாங்குறாங்க, ஜோடியா எவ்ளோ நேரம். ஜோடில ஒருத்தன் கை தளர்ந்தா ரெண்டு பேருக்கும் ஆட்டம் முடிஞ்சுதுன்னு வச்சா, பலம் குறைஞ்சவன் தனியா இருக்கிறதை விட ரொம்ப நேரம் தாங்குறான். ஆனா ஒரு கண்டிஷன், ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் நடுத்தரமா இருக்கணும். மலைக்கும் மடுவுக்கும் மாதிரி இருந்தா பலன் கம்மி, ரெண்டு பேரும் ஒரே அளவா இருந்தாலும் பெருசா பலன் இல்ல. எங்க முதல் வருஷ ஷீட் மலைக்கும் மடுவுக்கும்தான்.

மூணாவதுதான் என்னை உக்கார வச்சது. அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல அரால், நிகோலெய்டிஸ்னு ரெண்டு பேர் 2017ல போட்ட ஆய்வு, சுமார் 11 லட்சம் பேர் 5 வருஷமா ஓடின பதிவுகளை எடுத்துக்கிட்டு, ஒருத்தர் ஓடினா அவர் நண்பரும் ஓடுறாரான்னு பாத்தாங்க. இதுல பெரிய சிக்கல், ரெண்டு பேரும் முதல்லயே ஓட்டப் பைத்தியமா இருக்கலாம், அதனாலயே நண்பர்களா ஆகியிருக்கலாம். அதைத் தாண்ட அவங்க பிடிச்ச வழி வானிலை. உங்க நண்பர் ஊர்ல மழை, உங்க ஊர்ல வெயில், மழையால அவர் ஓடாம விட்டது உங்க ஓட்டத்தைக் குறைக்குதான்னு பாக்குறது. குறைக்குது. அவர் ஒரு கிமீ கூட ஓடினா நீங்க சுமார் 300 மீட்டர் கூட ஓடுறீங்க. சரி, அது பரவால்ல, எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது: கம்மியா ஓடுறவர் அதிகமா ஓடுறவரைக் கிளப்பி விடுறார், அதிகமா ஓடுறவர் கம்மியா ஓடுறவரை அந்த அளவுக்குக் கிளப்பறதில்ல. அதாவது முன்னாடி போறவனைப் பாத்து பின்னாடி இருக்கிறவன் வேகம் எடுக்கிறதை விட, பின்னாடி வர்றவனைப் பாத்து முன்னாடி இருக்கிறவன் பதறுறதுதான் ஜாஸ்தி.

அந்த ஆய்வுல இன்னொண்ணும் இருந்துச்சு, ஆம்பளைங்களை ஆண் நண்பர், பெண் நண்பர் ரெண்டு பேரும் கிளப்பறாங்க, பொம்பளைங்களைப் பொம்பளைங்க மட்டும்தான் கிளப்பறாங்க. இதை அக்காகிட்ட சொன்னேன். "அப்ப உங்க மூஞ்சிங்களைப் பாத்து நான் ஓடலன்னு விஞ்ஞானமே சொல்லுது, நல்லதாப் போச்சு" அப்படின்னு கூட வேலை பாக்குற ஒரு பிலிப்பினோ நர்ஸைப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்க எங்க ஷீட்ல இல்ல, ஆனா அக்கா அந்த சீசன் முடிச்சதுல பாதி பங்கு அவங்களுக்குத்தான்.

ஆக, அண்ணையை ஷீட்ல உயிரோட வச்சிருக்கணும். அவர் நின்னா எல்லாரும் நின்னோம். இதுதான் ரெண்டாவது வருஷத்தோட மொத்த யோசனை, மத்ததெல்லாம் அதுக்காகப் போட்ட ஏற்பாடு.

ரூல் இப்படி. திங்கக்கிழமை காலைல ஒவ்வொருத்தர் கையிலயும் 4 பாயிண்ட். வாரத்துல 4 நாள் வெளிய போய் 20 நிமிஷமாவது ஓடணும், தூரம் வேகம் எதுவும் கணக்கில்ல, போகாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாயிண்ட் போச்சு. 4 நாளுக்கு மேல ஓடினா ஒண்ணும் கிடைக்காது, இது மச்சானுக்காகவே போட்டது, அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்புறம் போனஸ்: அவங்கவங்களோட முந்தின 4 வார சராசரி கிமீயைத் தாண்டினா ஒரு பாயிண்ட், ஆனா 10 சதவீதத்துக்கு மேல தாண்டினா போனஸ் கிடையாது. இந்த 10 சதவீதம் ஓட்டக்காரங்க வழிவழியா சொல்றது, வேத வாக்கு ஒண்ணும் இல்ல, ஆனா கெண்டைக்கால் பிடிச்சவன் ஒருத்தன் கூட இருக்கும்போது அது போதும். வேற ஒருத்தர் கூடச் சேர்ந்து ஓடினா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பாயிண்ட். வாரா வாரம் மொத்தம் போட்டு முதல் இடத்துக்கு 4, அடுத்து 3, 2, 1, அதோட அந்த வாரக் கணக்கு முடிஞ்சுது, திங்கக்கிழமை மறுபடி எல்லாரும் சமம். டிரெட்மில்னா அரைப் பாயிண்ட். பனி அள்ளுற பந்தயம் ரத்து, அதுக்குப் பதிலா வாரத்துல கடைசியா வந்தவர் சனிக்கிழமை நீள ஓட்டத்துக்கு ஃபிளாஸ்க்ல டீயும் எல்லாருக்கும் சாப்பாடும் கொண்டு வரணும்.

இந்தக் கடைசி ரூல் நாங்க நினைச்சதை விட ரொம்ப நல்லா வேலை செஞ்சுது. சனிக்கிழமை லேக் பக்கம் மார்ட்டின் குட்மன் ட்ரெயில்ல ஓடுவோம், அங்க சிட்டிக்காரங்க பனியை அள்ளிடுவாங்க. தோத்தவர்தான் சாப்பாடு கொண்டு வரணும்னா, தோத்தவர் வந்தே ஆகணும். முதல் வருஷம் தோத்தவர் வீட்ல உக்காந்துக்கிட்டார், இப்ப தோத்தவர் இல்லாம சனிக்கிழமையே கிடையாது. அண்ணை தோத்த வாரம் இடியப்பமும் சம்பலும், இஞ்சி போட்ட பிளேன்டீயும் வரும், அதனால அவர் தோக்கணும்னு வேண்டிக்கிட்டவங்க உண்டு, நான் உட்பட. மச்சான் தோத்த ஒரே வாரம் கடையில வாங்கின டோனட் வந்துச்சு, அதுக்கு அக்கா திட்டின திட்டு ஏரியோட அக்கரைல கேட்டிருக்கும்.

டிசம்பர் எப்பவுமே ஈஸி, ஆசை புதுசு. முதல் 4 வாரத்துல முதல் இடம் 3 பேர் கைக்கு மாறுச்சு, அதுல ஒரு வாரம் அண்ணைக்கு. அவர் அந்த வாரம் 4 நாளும் 20 நிமிஷம் 20 நிமிஷமா மெதுவா ஓடி, தன் சராசரியைத் தாண்டி, ரெண்டு நாள் என்னையும் கூட இழுத்துட்டுப் போயிருந்தார். காலைல 5:50க்கு போன் வரும். "தம்பி, நான் கீழ நிக்கிறன், நீங்கள் வாறியளோ இல்லாட்டி நான் தனிய ஓடட்டோ?" இதுக்கு என்னன்னு பதில் சொல்றது, படுத்திருக்கேன்னா? அவருக்கு 20 வயசு சின்னவன் நான்.

மச்சான் கதைதான் இதுல உச்சம். ஓட்டத்தைப் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்ல லோக்கல் லெஜெண்ட்னு ஒண்ணு இருக்கு, 2020ல கொண்டு வந்தது, ஒரு குறிப்பிட்ட துண்டுப் பாதையை கடந்த 90 நாள்ல யார் அதிக தடவை ஓடியிருக்காங்களோ அவங்களுக்கு அந்தப் பட்டம், வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அண்ணை தன் பில்டிங்கைச் சுத்தியே ஓடுறவர், அதனால ஜனவரில அந்த ஏரியாத் துண்டுல அவருக்கு அந்தப் பட்டம் தானா வந்துடுச்சு, அவருக்கு அது என்னன்னே தெரியாது, நான்தான் காட்டினேன். "உது என்ன, எனக்குக் கிரீடம் எல்லாம் வைச்சிருக்கிறாங்கள்" அப்படின்னு ஒரே சந்தோஷம். மச்சான் இதைப் பாத்தான். ஒண்ணும் பேசல. அடுத்த வாரத்துலேர்ந்து தன் வீட்லேர்ந்து 3 கிமீ தள்ளியிருக்குற அந்தத் தெருவுக்கு வந்து, 400 மீட்டர் துண்டைப் போய் வந்து போய் வந்து ஓட ஆரம்பிச்சான். ஹாஃப் மாரத்தான் 1:35க்கு ஓடுறவன், கிமீக்கு 8 நிமிஷம் எடுக்குற ஒரு மனுஷன்கிட்டேர்ந்து பட்டத்தைப் பிடுங்க விடியக்காலைல மைனஸ் 15ல அலையறான். எம்ஐடிக்காரங்க 11 லட்சம் பேரை வச்சுச் சொன்னதை எனக்கு இவன் ஒருத்தனே நிரூபிச்சுட்டான். பட்டத்தைக் கடைசி வரைக்கும் அவனால பிடுங்க முடியல, அது வேற.

பொங்கல் வாரத்துல முதல் அடி எனக்கு. ராத்திரி லேசா உருகி மறுபடி உறைஞ்ச கருப்பு ஐஸ், ஈரத் தார் ரோடு மாதிரியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. திருப்பத்துல கால் வழுக்கி இடுப்புல விழுந்தேன், எலும்பு தப்பிச்சுது, சதை 10 நாள் கத்தரிக்கா கலர்ல இருந்துச்சு. அப்புறம்தான் ஷூவுக்கு அடில மாட்டுற கம்பி முள் செயின் வாங்கினேன், அதை டிசம்பர்லயே வாங்கியிருக்கணும். அந்த வாரம் நான் 4 பாயிண்ட்டும் இழந்தேன், ரூல் ரூல்தான்னு மச்சான் நின்னான், காயத்துக்கு லீவு இல்லன்னா அடுத்த ஆள் காயத்தோட ஓடும்னு அக்கா சொன்னாங்க. நர்ஸ் சொன்னப்புறம் வாதாட முடியுமா, காயம்னா அந்த வாரம் அவங்க சராசரிப் பாயிண்ட் அப்படியே வரும்னு மாத்தினோம். போட்டியை நட்பா வச்சிருக்கணும்னா ரூல் புத்தகத்தைத் திருத்த வெக்கப்படக் கூடாது போல. மாத்தி மாத்தி மொத்தம் 6 தடவை திருத்தினோம், கூகுள் ஷீட்ல அந்த வரலாறு எல்லாம் அப்படியே இருக்கு.

இன்னொரு திருத்தம் கொஞ்சம் சீரியஸ். ஜனவரி கடைசில காத்தோட சேர்த்து மைனஸ் 30 மாதிரி இருந்த ஒரு நாள், எனக்கு அந்த வாரத்தோட கடைசிப் பாயிண்ட், வீம்புக்கு வெளிய போனேன். காத்து முகத்துல அடிக்கிற பக்கமா முதல்ல ஓடிட்டு, திரும்பும்போது காத்து முதுகுல வர்ற மாதிரி வச்சுக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், ஏன்னா போகும்போது வேர்த்துட்டு வரும்போது எதிர்காத்து வாங்கினா அந்த வேர்வை உறைஞ்சிடும். நான் உல்டாவாப் போனேன். போன் பேட்டரி 40 சதவீதத்துலேர்ந்து ஒரேயடியா செத்துடுச்சு, விரல் நுனி ரெண்டும் வெள்ளையாகி உணர்ச்சியே இல்ல. வீட்டுக்கு வந்து கையைத் தேய்ச்சுக்கிட்டே அக்காவுக்குப் போன் பண்ணேன். "தேய்க்காதடா முட்டாள், வெதுவெதுப்பான தண்ணில வை, கொதிக்கிறதுல இல்ல, ஒரு பாயிண்ட்டுக்கு விரலைக் குடுப்பியா நீ?" காத்துக் குளிர் மைனஸ் 28க்குக் கீழ போனா மூடாத தோல் 10லேர்ந்து 30 நிமிஷத்துக்குள்ள உறையலாம்னு கனடா வானிலைத்துறையே போட்டிருக்கு, எனக்கும் தெரியும், ஆனா ஷீட்ல அந்தக் காலிக் கட்டம் என்னைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. பறிகொடுக்கிற பயம் ஓட வைக்கும்னு சொன்னேன்ல, அதே பயம்தான் மடத்தனத்தையும் பண்ண வைக்குது. அன்னிக்கு ராத்திரியே ரூல்: மைனஸ் 25க்குக் கீழ உணர்ந்தா வெளிய ஓடினாப் பாயிண்ட் கிடையாது, டிரெட்மில்லுக்கு முழுப் பாயிண்ட்.

உடுப்பைப் பத்திக் கேப்பீங்க, சுருக்கமா சொல்றேன். வெளிய இருக்கிறதை விட 10 டிகிரி கூட இருக்குன்னு நினைச்சு உடுத்தணும், வாசல்ல நிக்கும்போது கொஞ்சம் குளிரணும், குளிரலன்னா 2வது கிமீல வேர்க்கும். உள்ள காட்டன் கூடவே கூடாது, வேர்வையைக் குடிச்சு ஈரமா ஒட்டிக்கும், மெரினோ கம்பளி நல்லது. விரல் விரலா இருக்குற கிளவுஸை விட விரல் எல்லாம் சேர்ந்து ஒரே பையில இருக்குற மிட்டன் சூடு. தலைக்கு லைட், மேல மின்னுற வெஸ்ட், ஏன்னா காலைல பனி வண்டி ஓட்டுறவருக்கு நம்மைத் தெரியணும்.

அந்தக் குளிர்ல வெளிய போக முடியாம அண்ணை ஒரு வழி கண்டுபிடிச்சார். இங்க மால் எல்லாம் கடை திறக்கிறதுக்கு முன்னாடியே கதவைத் திறந்துடுவாங்க, வயசானவங்க உள்ள நடப்பாங்க. அண்ணை அதுக்குள்ள மெதுவா ஓடினார். ரெண்டாவது ரவுண்டுல செக்யூரிட்டி வந்து நிறுத்தி ஓடக்கூடாது, நடக்கலாம்னுட்டார். அப்ப அண்ணை 40 நிமிஷம் வேகமா நடந்துட்டு வந்து முழுப் பாயிண்ட் போட்டுக்கிட்டார். வாட்ஸ்ஆப்ல அன்னிக்கு நடந்த சண்டை மாதிரி இந்த சீசன்ல வேற எதுவும் நடக்கல. மச்சான் கேட்டான், "அண்ணே, அது நடை, ஓட்டம் இல்லியே." அண்ணை வாய்ஸ் மெசேஜ் போட்டார், "தம்பி, உங்கட ரூல்ல 20 நிமிசம் எண்டுதான் கிடக்கு, கால் ரெண்டும் ஒரே நேரத்தில நிலத்தை விட்டு எழும்போணும் எண்டு எங்கயும் எழுதேல்ல." வக்கீலாப் போயிருக்க வேண்டிய மனுஷன். வெளிய ஓடணும்னு ரூல்ல இருக்கேன்னு மச்சான், வீட்டுக்கு வெளியதானே மால் இருக்குன்னு அண்ணை. பாதியா டிரெட்மில் கணக்குல அரைப் பாயிண்ட் குடுத்து அப்போதைக்கு மூடி வச்சோம்.

பிப்ரவரிலதான் உண்மையான சோதனை. பனி கொட்டி நடைபாதை எல்லாம் இடுப்பளவு மேடு, தெருவுல ஒத்தையடிப் பாதை மாதிரி ஒரு தடம். அக்காவுக்குத் தொடர்ச்சியா நைட் டியூட்டி. காலைல 8 மணிக்கு டியூட்டி முடிச்சு பார்க்கிங்லயே ஷூ மாத்தி ஆஸ்பத்திரியைச் சுத்தி 20 நிமிஷம் ஓடிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவாங்க, கூட அந்த பிலிப்பினோ நர்ஸ். இதைப் பாத்தப்புறம் எங்க மூணு பேருக்கும் சாக்கு சொல்ல வாயே இல்ல. இருந்தாலும் ஒண்ணு ஒத்துக்கணும், எங்க ரூல் ஷிஃப்ட் வேலைக்காரங்களுக்கு நியாயமா இல்ல, வாரம் 4 நாள்ங்கிறது 9லேர்ந்து 5 வரைக்கும் வேலை பாக்குற எங்க மூணு பேர் மூளைல உதிச்சது. அக்கா அதிகமா தோத்தது பிப்ரவரில, அவங்க சோம்பேறித்தனத்தால இல்ல. ரெண்டு வாரத்தைச் சேர்த்து 8 நாள்னு வச்சிருந்தா சரியா இருந்திருக்கும், அது எங்களுக்கு மார்ச்லதான் தோணுச்சு.

மார்ச் நடுவுல ஷீட்டைப் பாத்தா முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் 7 பாயிண்ட்தான் வித்தியாசம், கடைசி 2 வாரம் வரைக்கும் யார் வேணா ஜெயிக்கலாம்ங்கிற நிலைமை. முதல் வருஷம் மூணாவது வாரத்துலயே செத்த போட்டி இது. கிமீ கணக்குல பாத்தா மச்சான் முதல் வருஷ வேகத்தை விடக் கம்மியாத்தான் ஓடியிருக்கான், ஆனா 16 வாரமும் ஓடியிருக்கான், கெண்டைக்கால் பத்திரமா இருக்கு.

ரேஸ் அன்னிக்கு ஹாமில்டன்ல மைனஸ் 2, மழை இல்ல, அதுவே பெரிய வரம். முதல் பாதி ஃபேக்டரிப் பக்கமும் ஏரிக்கரையுமா மட்டமாப் போகும், அதுல ஏமாந்து வேகம் எடுத்தவங்களை எல்லாம் பர்லிங்டன் மேடு வாங்கிடும், என்னை வாங்குச்சு. நான் 3 மணி 20 நிமிஷம், மச்சான் 2:19, அக்கா 3:31. அண்ணைக்கு 30 வேணாம்னு டாக்டர் சொல்லிட்டதால அதே நாள் நடக்குற 5 கிமீல ஓடினார், 39 நிமிஷம், எங்களுக்கு முன்னாடியே முடிச்சுட்டு ஃபிளாஸ்க்கோட நின்னுட்டிருந்தார். அந்த வாரம் கடைசியா வந்தது அவர் இல்ல, நான்தான், ஆனா என் ஃபிளாஸ்க்கை வீட்லயே மறந்துட்டு வந்திருந்தேன், அது அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

சீசனை ஜெயிச்சது மச்சான், ரெண்டு பாயிண்ட்ல, ரெண்டாவது அண்ணை. மால்ல நடந்த 5 நாளுக்கும் அரைப் பாயிண்ட்டுக்குப் பதில் முழுசாக் குடுத்திருந்தா தனக்குத்தான் கோப்பைன்னு அண்ணை இன்னும் சொல்லிக்கிட்டிருக்கார். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், வாராந்திர இடம் ரெண்டு வாரத்துல மாறும், அவர் சொல்றது சரிதான். மச்சான்கிட்ட இன்னும் சொல்லல. நவம்பர்ல ரூல் கமிட்டி கூடுது, அக்காவோட 8 நாள் திருத்தம் ஏற்கனவே பாஸ், மால் விவகாரம் முதல் அஜெண்டா, செக்யூரிட்டி கண்ணுல படாம ஓடுறதுக்கு எந்த மால் நல்லதுன்னு அண்ணை இப்பவே பாத்து வச்சிருக்காராம்.